சந்தை நாளில் சாத்திய கடை

1997 கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலைமேல் எடப்புளி நாட்டுப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறை. வாத்தியார் நாற்காலியில் அப்பாஸ் அலி பாய் உட்கார்ந்திருந்தார். பேளுக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எங்கள் கண் முகாம் அறக்கட்டளையின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் முதல் பெஞ்சில் அவர் மனைவி நஸீம் பானு, மகள் அப்ஸானா. ஜன்னல் திட்டில் பிரேம், கல்லூரியில் படிப்பவன், தொண்டர்களைச் சேர்க்கும் பொறுப்பு அவனுடையது. எதிரே தரையில், சுவரில் சாய்ந்தபடி, மலைக்காரர்கள் இருவர்: பொன்னாயி, மாதேஸ்வரன். கரும்பலகைக்குக் கீழே மேசையில் செயலாளராகிய நான், சைபுல்லா. மற்ற பெஞ்சுகள் காலி.

அந்தக் காலி பெஞ்சுகளைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தோம்.

ஆடி மாதம் நடத்திய முகாமுக்குத் தொண்டு செய்ய வருவதாகப் பத்தொன்பது பேர் சொன்னார்கள். வந்தது நாலு பேர். வயசானவர்களைக் கைபிடித்து அழைத்துவர ஆளில்லை, வரிசை பார்க்க ஆளில்லை. பாதி நாளிலேயே டாக்டர்கள் வேனை எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார்கள். பரிசோதிக்காமல் திரும்பிப் போனவர்களில் மாதேஸ்வரனின் தாய் கண்ணாயியும் ஒருவர். இரண்டு கண்ணிலும் புரை. இப்போது சேலத்து மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது: அடுத்த வாரம் வைத்திருக்கும் முகாமுக்குப் பன்னிரண்டு தொண்டர்களின் பெயரை உறுதியாக எழுதித் தர வேண்டும், நாளைக் காலைக்குள் வராவிட்டால் வேன் வேறு ஊருக்குப் போய்விடும். அதாவது இன்று மூன்று மணி பஸ்ஸில் எங்கள் பதில் ஏறியாக வேண்டும்.

"போன தடவ பனியன் குடுத்தோம். இந்தத் தடவ தொப்பியும் குடுத்துரலாம்" என்றான் பிரேம். "முடிஞ்சதும் ஒரு பாராட்டு விழா. சான்றிதழ், சால்வை..."

பொன்னாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் பாய்.

"இல்லீங்க பாய், அந்தப் பனியன் நல்லாத்தான் இருந்துச்சு. சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்டு உட்டிருக்குறேன். ஒரு குருவி அண்டறதில்லீங்க."

அப்ஸானா பெஞ்சில் குனிந்து சிரித்தாள். பிரேமின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார் பாய். "மாதேசு, உங்கம்மாவுக்காகத்தானப்பா இத்தன பாடு. நீயே வரலைன்னா எப்படி?"

மாதேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வரோணும்னு ஆசைதானுங்க. ஆடியில முகாம் வெச்சீங்க, எங்களுக்கு நாத்து நடவு. இப்ப வெக்கறீங்க, ராகி அறுப்பு. கதிரு உதிர்ந்து போச்சுன்னா அம்மாவுக்குக் கண்ணு தெரிஞ்சு என்னத்தப் பாக்கும்? வெறும் பானையவா?"

"அப்ப தேதியத் தள்ளிப் போட்டுரலாமே" என்றான் பிரேம்.

நான் கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். இந்தத் தேதியை விட்டால் டாக்டர்கள் அடுத்த ஆனிக்குத்தான் மலையேறுவார்கள்.

பொன்னாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றனுங்க. இங்க யாரும் யாரையும் சும்மா கூப்புடறதில்லீங்க. இன்னைக்கு உங்காட்டுக்கு நானு, நாளைக்கு எங்காட்டுக்கு நீயி. முகாமுக்கு முந்தின நாள் நீங்க பன்னெண்டு பேரு வந்து எங்ககூட அறுங்க. ரெண்டு நாள் வேலை ஒரே நாள்ல முடிஞ்சு போகும். மறுநாள் பொழுது சாயற வரைக்கும் நாங்க உங்க ஆளு. கூப்புட்டா வருவோம், வெரட்டுனாலும் போகமாட்டோம்."

"முந்தின நாளா?" பாய் நிமிர்ந்தார். "அது சந்தை நாளும்மா!"

பேளுக்குறிச்சிச் சந்தை நாளில்தான் அவர் கடையில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு வாரத்து வியாபாரம் அந்த ஒரு நாளில்.

"ஆமாங்க. உங்களுக்குச் சந்தைன்னா எங்களுக்கு அறுப்பு" என்றாள் பொன்னாயி.

பாய் பதில் சொல்வதற்குள் நஸீம் பானு எழுந்து நின்றுவிட்டார்.

"நான் வாரேன்!"

"நீயா? மாடிப்படி ஏறுனா மூணு இடத்துல உக்காருவ."

"உக்காந்தே அறுக்கறேன். முகாம் அன்னைக்கு நீங்களுந்தான் மேசையில உக்காந்தே இருந்தீங்க. நான் ஒண்ணும் சொல்லலியே?"

"அத்தா, நானும்!" என்றாள் அப்ஸானா. "ரமீஸ் சித்தப்பாவையும் இழுத்துட்டு வந்துரலாம். கடை ஆளுங்க ஆறு பேரு இருக்காங்க."

"கடை ஆளுங்களும் வந்துட்டா கடையில யாரு?"

"பூட்டு இருக்குதில்ல" என்றார் நஸீம் பானு.

பாய் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் மாதேஸ்வரனைப் பார்த்தார். அவன் அப்போதும் தலை தூக்கவில்லை.

"சரி" என்றார் பாய். "சாத்திரலாம்."

"வாய்ல சொல்றது இருக்கட்டுங்க" என்றாள் பொன்னாயி. "அறுக்கத் தெரியுமான்னு பாக்கோணுமில்ல?"

பள்ளிக்கூடத்தை ஒட்டியே மாதேஸ்வரனின் ராகிக் காடு. கூட்டம் அப்படியே வயலுக்கு நகர்ந்தது. பாய் வேட்டியை மடித்துக் கட்டி, அரிவாளை வாங்கி, ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார். செடியே வேரோடு வந்தது.

"பாய், கதிரு மட்டும் போதுங்க! வேரு எங்களுக்கே இருக்கட்டும்!" என்றாள் பொன்னாயி.

வரப்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் நாலு. ஜவுளிக்கடைக்காரர் ராகி அறுக்கிறார் என்று யார் போய்ச் சொன்னார்களோ, பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். "துணி கிழிக்கற மாதிரி கிழிக்காதீங்க பாய்!" என்று அவர்களில் ஒருவரான சின்னுசாமி கத்தினார். நஸீம் பானு மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைக்கெட்டிய கதிர்களைப் பக்குவமாக அறுத்து மடியில் போட்டார். ஊரே கைதட்டியது.

பொன்னாயி வரப்பில் ஏறி விஷயத்தைச் சொன்னாள். சந்தை நாளில் கடையைச் சாத்தப் போகிறார் என்றதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நெசமாவா சொல்றீங்க பாய்?" என்றார் சின்னுசாமி.

மூச்சு வாங்கிக்கொண்டே பாய் தலையாட்டினார்.

"அப்ப எம்பேர எழுதுங்க சாமி."

"எம்பேரும் போடு கண்ணு, பாவாயின்னு!"

"எம்பேரு குப்புசாமி, காடு ரெண்டு! ஆனா ஆளு ஒருத்தன்தான்!"

நான் வரப்பில் குந்தி, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு தாண்டியும் நிற்கவில்லை. மாதேஸ்வரன் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து, தன் பெயரை நான் எழுதி முடிக்கும் வரை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மாகிட்டப் போய்ச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினான்.

பாதையில் பஸ் ஹாரன் கேட்டது. "ஏனுங்க டிரைவர், நிறுத்துங்க!" என்று பிரேம் முன்னால் பறந்தான். அப்ஸானா கவரை நீட்டினாள். இருபத்திரண்டு பெயர்கள் அடங்கிய தாளை மூன்றாக மடித்து உள்ளே வைத்தேன். கவரின் பசை காய்ந்திருந்தது. பொன்னாயி தன் தூக்குச் சட்டியிலிருந்து ஒரு விரல் களியை எடுத்துத் தடவினாள். நான் அழுத்தி ஒட்டி, மருத்துவமனை முகவரியை ஒரு முறை சரிபார்த்து, ஓடிப்போய் டிரைவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணாடிக்கு முன்னால் செருகிவிட்டு வண்டியை எடுத்தார்.