பெயிண்ட் அடித்த பக்கம்

1

இந்தக் கதை எனக்கு பஸ் ஜன்னல் வழியாகக் கிடைத்தது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்குப் போகிற பாதையில் மண் சரிந்து, அதை அள்ளி முடிக்கும்வரை பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார்கள். எதிர்ச் சரிவில் ஒரு லயம், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீட்டு வரிசை. பாதி வரிசை மண்ணுக்குள் போயிருந்தது. மண் வந்து நின்ற இடத்தில் ஒரு வீடு மட்டும் புத்தம்புது மஞ்சள் பெயிண்டோடு நின்றது. இந்த அடைமழைக் காலத்தில் எவனய்யா பெயிண்ட் அடித்தவன் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இறங்கிப் போய் யாரையும் கேட்கவில்லை. ஆகையால் இனி வருகிற எல்லாமே என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிரு—"

வேண்டாம். மலையகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே ஆளாளுக்கு மழை வந்துவிடுகிறது.

இரண்டாவது: "முத்துலிங்கம் அடிப்படையில் நல்ல மனு—"

இதுவும் வேண்டாம். அதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

மூன்றாவது: முத்துலிங்கத்துக்குத் தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலை. [கான் என்பது மழைத்தண்ணீர் ஓட மலையில் வெட்டும் வாய்க்கால். தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் மலை இளகிவிடும். இதை மறந்துவிடாதீர்கள்.] மகள் ஷாமிலா நுவரெலியாவில் பேங்க் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கூட வேலை செய்கிறவர்களைத் தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துவிட்டாள். அழைத்த பிறகுதான் வீடு ஞாபகத்துக்கு வந்திருக்கும் போல.

"லயம்னு அவங்ககிட்ட சொல்லலப்பா" என்றாள் ஃபோனில்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒரு பேச்சு மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வெளிச்சுவருக்குத் தானே பெயிண்ட் அடிப்பது, பூந்தோட்டமும் போடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

3

பெயிண்ட் அடிப்பது எப்படி என்று ஃபோனில் வீடியோ பார்த்தார். சுவரைச் சுரண்டியபோது வெடிப்பு நன்றாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு வேலாயியின் சுவரில் தொடங்கி, இவர் சுவருக்குள் நுழைந்து, ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. விரல் போகிற அகலம். வீடியோவில் சொன்னபடியே அதற்குள் புட்டி என்கிற வெள்ளைப் பசையை அப்பி அடைத்தார். காய்ந்ததும் தேய்த்து மட்டமாக்கி, மேலே மஞ்சள் அடித்தார். பார்த்தால் வெடிப்பு இருந்த சுவடே இல்லை.

[லயத்தில் அவரவர் முகப்பை அவரவர் அடிப்பதுதான் வழக்கம். பொதுச்சுவர் வருகிற இடத்தில் நூல் பிடித்தாற்போல் பெயிண்ட் நின்றுவிடும். அடுத்தவர் பக்கம் பிரஷ்ஷை நீட்டினால் அது வேறு பேச்சாகிவிடும்.]

வேலாயி தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை; மகன் பிரதாப் கொழும்பில் கட்டட வேலை செய்கிறான். வெடிப்பை வந்து பாருங்கள், வேறு இடம் காட்டுங்கள் என்று அவள் கிராம சேவகரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்தது தோட்டம். இடம் எங்கே இருக்கிறது? வீட்டுக்குப் பின்னால், மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடிய கானில் மண்ணைப் போட்டு நிரப்பி டேலியாவும் ரோசாவும் நட்டார்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கான் வெட்டுகிறவன் கானை மூடுவானா? வாசகர்கள் சிரிப்பார்கள் என்று அடித்துவிட்டேன். பிறகு மனைவி நாகலெட்சுமியைக் கேட்கவிட்டேன், தண்ணி எங்கிட்டுப் போகும் என்று. முத்துலிங்கம் சொன்ன பதிலைக் கேட்டு, அடித்ததைத் திரும்ப எழுதினேன்.

"ஊரு மலைக்கெல்லாம் கான் வெட்டுறேன். என் வீட்டுலயாவது பூ இருக்கட்டுமே."

4

தீபாவளிக்கு முந்தின வாரம் மண்சரிவு அபாயம் பார்க்கிற அதிகாரி வந்தார். சிங்களவர், பொறுமையான மனிதர். வேலாயி வீட்டு வெடிப்பை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், பொதுச்சுவரில் மஞ்சள் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டார். மலை நகர்ந்தால் வெடிப்பு ஒரு வீட்டோடு நிற்காது, இது பழைய பூச்சு விட்டுப்போனதுதான் என்று சிங்களத்தில் சொன்னார்.

வேலாயி முத்துலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒங்க பக்கமும் வெடிச்சிருந்திச்சுல்ல. சொல்லுங்கண்ணே."

சொன்னால் இரண்டு வீட்டையும் அன்றைக்கே காலி பண்ணச் சொல்வார்கள். ஸ்கூல் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். ஷாமிலாவின் ஆட்களை அங்கேயா உட்காரவைப்பது? முத்துலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்படி ஒன்றும் இல்லை, சும்மா பூச்சு வெடிப்புத்தான் என்று அதிகாரிக்குச் சிங்களத்திலேயே சொன்னார். அதிகாரி பின்பக்கம் எட்டிப் பார்த்து, பூக்களைப் பாராட்டிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு ஷாமிலாவின் ஆட்கள் வந்து மஞ்சள் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேலாயி வீட்டிலிருந்து பலகாரத் தட்டும் வழக்கம்போல வந்தது. வராமல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

5

மண் இறங்கியதை எழுத மாட்டேன். எழுதினால் நன்றாக வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தெரிய வேண்டியது இதுதான். மேட்டிலிருந்து வந்த தண்ணீர் இவர் வீட்டுப் பின்னால் போக வழியில்லாமல் வேலாயி வீட்டுப் பின்னால் தேங்கியது. மலை அங்கேதான் இளகியது. வேலாயி உள்ளே இருந்தாள். அந்த வரிசையில் மற்றவர்கள் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். கான் வெட்டுகிற அதே மண்வெட்டியால் முத்துலிங்கம்தான் அவளைத் தோண்டி எடுத்தார். டேலியாவைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

6

இறுதிச் சடங்கு முடிந்து பிரதாப் மஞ்சள் சுவருக்கு முன்னால் வந்து நிற்கிறான். சுவரில் பழைய வெடிப்பு அதே வழியில் திரும்பவும் வாய் திறந்திருக்கிறது.

"மாமா, ரெண்டு பக்கமும் வெடிச்சிருக்குன்னு அம்மா ஃபோன்ல சொன்னிச்சு. முன்னயே இருந்திச்சா?"

முதல் முடிவு: முத்துலிங்கம் அவன் காலில் விழுந்து அழுகிறார். கிழித்துப் போட்டேன். அழுதுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா, சொல்லுங்கள்.

இரண்டாவது: அதிகாரி வந்த நாளுக்கே கதையைத் திருப்பிக்கொண்டு போனேன். வேலாயியை உயிரோடு நிறுத்தினேன். "அண்ணே, சொல்லுங்கண்ணே" என்றாள். எத்தனை தரம் எழுதினாலும் மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையேதான் சொல்கிறார்.

மூன்றாவது: "இல்லப்பா, மண்ணு வந்தப்பதான் வெடிச்சிச்சு" என்கிறார். பிரதாப் நம்பி பஸ் ஏறிப் போய்விடுகிறான். எனக்கும் சுலபம், அவருக்கும் சுலபம். ஆனால் பிரதாப்புக்குக் கட்டட வேலை என்று மூன்றாம் பகுதியில் யோசிக்காமல் எழுதித் தொலைத்துவிட்டேன். இனி மாற்ற முடியாது, நீங்கள் படித்துவிட்டீர்கள்.

அவன் வெடிப்புக்குள் நகத்தை விட்டுத் தோண்டினான். வெள்ளைப் புட்டி ஒரு துண்டு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. புது வெடிப்புக்குள் புட்டி எப்படி இருக்கும்? கொழும்பில் எத்தனை சுவருக்கு அவனே அடைத்திருப்பான்.

முத்துலிங்கத்தின் வாயில் என்ன பேச்சை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வையுங்கள். அவசரமில்லை, பிரதாப் போகவில்லை. புட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறான். இன்னமும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான்.