சனிக்கிழமை ஷிப்ட்

விடிவதற்கு முன்பே கோழி லாரிகள் எங்கள் ஆலை வாசலில் வரிசைகட்டி நின்றுவிடும். நாங்கள் அவற்றைத் தாண்டி உள்ளே போய், தலைக்கு வலை, காதுக்கு அடைப்பான், இடது கைக்குக் கம்பிக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு எலும்பு பிரிக்கும் கூடத்துக்குள் நுழைவோம். இறைச்சி கெட்டுவிடக் கூடாதென்று அந்தக் கூடத்தைப் பனிப்பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள். மனுஷி கெட்டால் பரவாயில்லை. மணி அடித்ததும் உரித்த கோழிகள் எஃகுக் கூம்புகளில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். தோளில் ஒரு வெட்டு, மார்பை ஒட்டி ஒரு கீறல், ஓர் இழுப்பு. அதற்குள் அடுத்தது முன்னால் நிற்கும். முதலில் விரல்கள் வலிக்கும். பிறகு விரல்கள் இருப்பதே தெரியாது.

எனக்கு இடப்பக்கம் ரோவினா. அவளுக்கு அந்தப் பக்கம் குவாத்தமாலாக்காரி இல்டா. இயந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது. உதட்டைப் பார்த்தே ஊர் வம்பு எல்லாம் பேசிவிடுவோம். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கட்டு மரத்துப்போனாலோ, அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தாலோ, கத்திப்பிடியால் முன்னாலிருக்கும் கம்பியில் இரண்டு தட்டு தட்டினால் போதும். இரண்டு பக்கத்துக்காரிகளும் அவள் கோழிகளையும் சேர்த்து வெட்டுவார்கள். 'கோழி வாங்கிக்கொள்வது' என்று அதற்குப் பெயர். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. மேஸ்திரிக்கு இந்த வழக்கம் தெரியும், ஆனால் யார் யாருக்கு வாங்கினார்கள் என்பது கடைசிவரை தெரியாது.

அந்த இலையுதிர்காலம் முழுக்க ரோவினாவின் உதட்டில் ஒரே பேச்சுதான். அவள் மகள் ஜூனிக்கு ட்ரம்பெட் வேண்டுமாம்.

"ஒம்பது வயசுல ட்ரம்பெட்டாம் அக்கா! மாடிப்படி ஏறினாலே இளைக்குது. மூச்சே இல்லாத கழுதைக்கு ஊதுறதுக்குக் கொம்பு கேக்குது."

"வாங்கிக் குடுடி. ஊதி ஊதியாவது நெஞ்சு விரியட்டும்."

"நீங்களும் அவ கட்சியா?"

ஜூனிக்கு ஆஸ்துமா. தினமும் காலையும் மாலையும் ஒரு மருந்தை உறிஞ்சினால் மற்றக் குழந்தைகளைப்போல ஓடுவாள், கத்துவாள், அடம்பிடிப்பாள். அந்த மருந்து எங்கள் கூலியில் வாங்குகிற சரக்கல்ல. ஏழை வீட்டுப் பிள்ளை என்று அரசாங்கம் கொடுத்த மருத்துவ அட்டையால் வந்துகொண்டிருந்தது. நன்றித் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாடே இறைச்சி தின்னும். எங்களுக்குச் சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. ட்ரம்பெட்டை மனதில் வைத்து ரோவினா எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். அடகுக்கடைக் கண்ணாடிக்குள் இருந்த பழைய ட்ரம்பெட் ஒன்றை வாங்கி, கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பதற்காகக் கட்டிலுக்கடியில் ஒளித்தும் வைத்துவிட்டாள்.

கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தால் அந்த அட்டை போய்விடும். அது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கு மேலே குழந்தைகளுக்கென்றே இன்னோர் அட்டை உண்டு. ரொம்ப ஏழையுமில்லாமல் தனியாகக் காப்பீடு வாங்கவும் வக்கில்லாமல் நடுவில் தொங்குகிற எங்களைப் போன்றவர்களுடைய பிள்ளைகளுக்காக வாஷிங்டன் பணம் தரும். ஒன்றிலிருந்து விழுந்தால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். என் மகள் டெல்ஃபி அப்படி விழுந்து எழுந்தவள்தான். அந்த நம்பிக்கையில்தான் இந்த ஆலையில் ஒவ்வொரு தாயும் கூடுதல் ஷிப்டுக்கு வந்தாள்.

அந்த ஆண்டு வாஷிங்டன்காரர்கள் அந்தப் பணத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. வேறு சண்டைகள் இருந்ததால் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். பணம் வரும்வரை புதிதாகக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை என்று எங்கள் மாநிலம் கதவைச் சாத்தியது. மருந்துக்கடைப் பெண், "அட்டை வேலை செய்யலையேம்மா" என்று சொன்னபோதுதான் ரோவினாவுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்தது. கீழே இருந்த அட்டை போய்விட்டது. மேலே இருந்ததில் இடமில்லை.

நானும் அவளோடு மேலாளர் டில்மனின் அறைக்குப் போனேன். அவர் காபியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"வேலைநேரத்தைக் குறைச்சுக் குடுங்க சார்" என்றாள் ரோவினா. "சனிக்கிழமை வேண்டாம். சம்பளம் குறைஞ்சா பழைய அட்டை திரும்பக் கிடைக்கும்."

"சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி என்கிட்ட வந்த மொத ஆளு நீதான். இனிமே கிறிஸ்துமஸ் வரைக்கும் சனிக்கிழமை எல்லாருக்கும் கட்டாயம்."

"பிள்ளைக்கு மருந்து இல்ல சார்."

"கம்பெனி காப்பீட்டுல சேர்த்துக்கோ."

"சேர்த்தா சம்பளத்துல பாதி அதுக்கே போயிடும். அப்புறம் நாங்க சாப்பிட வேணாமா?" என்றேன் நான்.

"இதோ பாரு கோரா, நான் கோழி விக்கிறவன். டாக்டர் இல்ல. வாஷிங்டன்ல உங்களுக்குன்னு ஒருத்தர் இருக்காரில்ல? அவரைப் போய்க் கேளுங்க."

வீட்டில் இருந்த மருந்தை ரோவினா நீட்டி நீட்டிப் பார்த்தாள். இரண்டு வேளை ஒரு வேளையாயிற்று. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஜூனி கெட்டிக்காரி. அம்மா கேட்டால், "எனக்கு இன்னிக்கு வேண்டாம், நல்லாத்தான் இருக்கு" என்பாளாம். அந்தப் பொய்யை நம்பியதற்காக ரோவினா தன்னை மன்னிக்கவே மாட்டாள். நம்பாமல் என்ன செய்திருப்பாள்? வேறு என்னதான் இருந்தது அவளிடம்?

டிசம்பரில் குளிர் இறுகிய ஒரு காலை. கோழி வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி வரிசையோரமாக நடந்து வந்து ரோவினாவின் தோளைத் தொட்டார். அவர் யாரையும் தொடுகிற ஆளில்லை. பள்ளிப் பேருந்திலேயே ஜூனிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடி வருஷங்களாகிவிட்டன. ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். ரோவினா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். தட்ட மறந்துவிட்டாள். நானும் இல்டாவும் அவள் கோழிகளை வாங்கிக்கொண்டோம். மத்தியானம் வரை வாங்கிக்கொண்டே இருந்தோம். அதற்குமுன்பே அவளுடைய குழந்தை செத்துப்போயிருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஹாம் கொண்டுபோவோம். உப்பிட்டுப் புகைபோட்ட பன்றித்தொடை. வாசலில் அதைக் கொடுத்து, "உங்க துக்கத்துல நாங்களும் பங்கு" என்போம். அதற்குமேல் பேசத் தெரியாதவர்கள் நாங்கள். ரோவினாவின் சமையல் மேடை நிறைந்து, நாற்காலிகளின் மேலும் ஹாம் இருந்தது. அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. ஜூனியின் பள்ளிக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பொத்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் பின்வாசலில் போய் நின்று அழுதேன்.

அடக்கம் முடிந்த வாரமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். வராவிட்டால் இடம் போய்விடும். அவள் கை வெட்டிக்கொண்டிருந்தது, உதடு அசையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் கம்பெனி எங்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு தருகிற நாள். ஆண்டுதோறும் ஆளுக்கொரு ஹாம். கோழி ஆலையில் பன்றி கொடுக்கிறார்களே என்று நாங்கள் கேலி பேசுவது வழக்கம். இந்தத் தடவை யாருக்கும் கேலி வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு, தொகுதி உறுப்பினரே நேரில் வந்து நின்றிருந்தார். வாஷிங்டனில் எங்களுக்காகக் கை தூக்க வேண்டியவர். எங்களைப்போலவே தலைவலை மாட்டியிருந்தார், காமிராவுக்காக. பக்கத்தில் டில்மன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நானும் இல்டாவும் உட்படப் பாதிப் பேர் வாங்கிவிட்டோம். ரோவினாவின் முறை வந்தது.

"சந்தோஷமா கொண்டாடுங்கம்மா. குடும்பத்தோட சாப்பிடுங்க" என்று அவர் ஹாமை அவள் கையில் வைத்தார்.

ரோவினா அதைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"உங்க துக்கத்துல நாங்களும் பங்கு சார்."

அவர் குழம்பிப்போய்ச் சிரித்தார். "எங்க வீட்டுல யாரும் சாகலையேம்மா."

"செத்துட்டாங்க சார். ஜூனின்னு பேரு. ஒம்பது வயசு. என் கையில இருந்த அட்டை போயிடுச்சு. அடுத்த அட்டை உங்க கையிலதான் இருந்துச்சு."

காமிராக்காரன் காமிராவைத் தாழ்த்தினான். "ரோவினா, போ, வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கு" என்றார் டில்மன்.

"காத்து இருந்தா அவ செத்திருக்க மாட்டாளே சார்."

"அம்மா, உங்க வேதனை எனக்குப் புரியுது" என்றார் உறுப்பினர். "பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு. எல்லாக் கட்சியுமே குழந்தைங்க பக்கந்தான் நிக்குது."

"எல்லாரும் பக்கத்துலதான் நின்னீங்க. விழுந்தப்ப யாரும் தாங்கிப் பிடிக்கலையே."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேசையின் எஃகு விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இரண்டு தட்டு தட்டின. தெரிந்து தட்டினாளோ, நடுக்கமோ, எனக்குத் தெரியாது. நான் முன்னால் போனேன். என் பங்கு ஹாமை மேசைமேல் வைத்து, "உங்க துக்கத்துல நாங்களும் பங்கு" என்றேன். இல்டா வந்தாள். எங்களைவிட அவளுக்கு இழப்பதற்கு அதிகம். ஒரு போலீஸ்காரன் குடியுரிமைக் காகிதம் கேட்டால் போதும், நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள். அவளும் வைத்தாள். எங்கள் மொழியில் அந்த ஒரு வாக்கியத்தைத் தப்பில்லாமல் சொன்னாள். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். கோழி தொங்கவிடும் ஆண்கள் வந்தார்கள். சாவு வீட்டில் நடப்பதுபோல யாரும் முண்டியடிக்கவில்லை, குரல் உயர்த்தவில்லை. ஹாம் குவிந்து குவிந்து அவர் நெஞ்சுக்கு மேலே போயிற்று.

"மணி அடிச்சாச்சு!" டில்மன் கத்தினார். "வரிசைக்குப் போகாதவங்க வீட்டுக்குப் போகலாம்!"

"போறோம் சார்" என்றேன். "இன்னிக்கு ஷிப்டை முடிச்சுட்டுப் போறோம். நாளைக்கு வர மாட்டோம்."

"சனிக்கிழமை கட்டாயம்னு தெரியுமில்ல?"

"சனிக்கிழமைதான் சார் அவ அட்டையைத் தின்னுச்சு. குழந்தைங்க பணம் வர்ற வரைக்கும் இந்த ஆலையில எந்தத் தாயும் சனிக்கிழமை கத்தி எடுக்க மாட்டா."

"தகப்பனும்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

உறுப்பினர் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பு நாங்கள் எல்லோரும் வந்தோம். கதவுக்கு உள்ளே அல்ல, வெளியே. லாரிகள் கோழிகளோடு சாலை வளைவு வரை நின்றன. இதனால் என்ன கிடைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வாஷிங்டன் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்று டில்மன் சொல்லவில்லை. டெல்ஃபியின் அட்டைக்கும் ஜனவரிவரைதான் உயிர். பயமாகத்தான் இருந்தது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றோம், குளிருக்கும் சேர்த்து.

ரோவினா கோட்டுக்குள்ளிருந்து அந்த ட்ரம்பெட்டை எடுத்தாள். குழந்தையின் உதடு படாத ட்ரம்பெட். வாயில் வைத்து ஊதினாள். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. கழுதை கத்துவதுபோல ஒரு சத்தம். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆலையின் மேல்மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. அவள் மறுபடி ஊதினாள், மறுபடியும், கண்ணீர் அந்தப் பித்தளைமேல் வழிய வழிய. மூச்சு தீர்ந்ததும் கதவுக் கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள்.

நான் ட்ரம்பெட்டை வாங்கிக்கொண்டு ஊதினேன். என்னிடமிருந்து இல்டா வாங்கிக்கொண்டாள்.