வாயாடிக்கு மூன்று வாக்கியம்

ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள் என்றதும் நம்மாள் காலண்டரில் நாளை எண்ண ஆரம்பித்தான். பதினான்கு மாதமாக அவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். 'வரேன்' என்பதைக்கூட அவன் மனைவியிடம்தான் சொன்னாள். அவள் வீட்டுக்காரரான மாமாவின் ஆபரேஷனுக்கு அவன் போகாததில் வந்த கோபம் அது. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் உறவு அத்தோடு சரி. கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான்.

அக்காவைவிட அவனுக்குப் பெரிய பயம், பெற்ற மகள்மேல். ஐந்து வயது, வீட்டில் பெயரே வாயாடி. போன மாதம் மாடிவீட்டுக்காரர் வந்தபோது, "அங்கிள், நீங்க விடுற குறட்டை எங்க ரூம் வரைக்கும் கேக்குது. லாரி வந்துருச்சுன்னு அப்பா சொல்வாரு" என்று போட்டு உடைத்தவள். மனிதர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அத்தையைப் பற்றி அப்பா சொன்னதையெல்லாம் இவள் அவிழ்த்துவிட ஆரம்பித்தால் என்ன ஆவது!

ஆகவே, மரியாதையாகப் பேசச் சொல்லிக்கொடுக்க நம்மாளே வாத்தியார் ஆனான். தகுதிக்கு என்ன குறைச்சல்? வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஒன்பது வருடமாக ஃபோன் எடுக்கிறான். திட்ட வந்தவரையே கடைசியில் 'தேங்க்ஸ்' சொல்லவைத்து அனுப்பும் ஆசாமி. அவர் மெஷின் ஓடியதா இல்லையா என்பதை மட்டும் கேட்கக்கூடாது.

ஆபீஸ் மேஜையில் ஒட்டியிருந்த மூன்று வாக்கியம்தான் பாடம். "சொல்லுங்க." "உங்க சிரமம் எனக்குப் புரியுது." "கண்டிப்பா கவனிக்கிறோம்." குறுக்கே பேசக்கூடாது, கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும். கால் பிய்ந்த கரடி பொம்மை புகார் சொல்லும், வாயாடி பதில் சொல்வாள். கரடிக்கு அவனே குரல் கொடுத்தான், அதுவும் அழுதுகொண்டே. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "கரடிகிட்ட காட்டுற அக்கறையில கால்வாசி..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் உள்ளே போனாள்.

"கரடி காலை எப்பப்பா தைப்போம்?" என்றாள் வாயாடி.

"அது வேற டிபார்ட்மென்ட்மா. நம்ம வேலை பேசுறது மட்டும்தான்."

சனிக்கிழமைக்குள் பிள்ளை பாடத்தில் வெளுத்துக்கட்டினாள். தன் திறமையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

ஞாயிறு காலை அக்கா வந்தாள். இளைத்திருந்தாள். அவன் இழுத்துப்போட்ட நாற்காலியை விட்டுவிட்டு வேறொன்றில் உட்கார்ந்தாள். வாயாடி அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு, "சொல்லுங்க அத்தை" என்றாள்.

அவ்வளவுதான், அக்கா உருகிப்போனாள். மாமாவுக்குப் படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய ஒண்டியாக உட்கார்ந்திருந்தேன் என்று, தம்பியிடம் சொல்லாததையெல்லாம் குழந்தையிடம் கொட்டினாள். வாயாடி குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. கதவோரம் நின்ற நம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளைப் பார்த்தானே தவிர, அக்கா சொன்னதைக் காதில் வாங்கினானா என்றால், இல்லை.

அக்கா நிறுத்தியதும் வாயாடி நிமிர்ந்தாள். "உங்க சிரமம் எனக்குப் புரியுது அத்தை. கண்டிப்பா கவனிக்கிறோம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அந்த நொடியில்தான் நம்மாளுக்கு உறைத்தது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அழுதுகொண்டே ஃபோன் செய்தபோது அவன் சொன்னதும் இதையேதான். "உன் சிரமம் எனக்குப் புரியுதுக்கா. கண்டிப்பா கவனிக்கிறேன்." இதே குழைவு, இதே ராகம். சொல்லிவிட்டு ஃபோனை வைத்தவன், அவள் முன்னால் போய் நிற்கவே இல்லை. அடப்பாவி! அதையே பிள்ளையையும் உட்காரவைத்து மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறானே, இவனெல்லாம் ஒரு வாத்தியார்!

"நல்லா பழக்கியிருக்கடா" என்று அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஒன்பது வருடம் பேசிச் சம்பளம் வாங்கியவன் அவள் பின்னாலேயே ஓடினான். வாசலில் அவள் செருப்பு மாட்டும்போதுதான் எப்படியோ உளறினான்.

"பயமா இருந்துச்சுக்கா. மாமா செத்துருவாருன்னு நெனச்சேன். உன் முகத்தைப் பாக்கத் தைரியம் இல்ல. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். வந்துட்டு, திரும்பிப் போயிட்டேன்."

குரல் கீச்சென்று உடைந்தது. மூக்கு வேறு ஒழுகியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

ஒற்றைச் செருப்போடு அக்கா திரும்பினாள்.

"நான் மட்டும் என்னடா, பயந்துதானே உக்காந்திருந்தேன்? அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா ஃபோன்லயே அழுதிருக்கலாமேடா" என்றாள்.