கலப்படக்காரரின் சிரிப்பு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். குளிர்ந்த நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அவற்றின் காற்றில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் கணவருக்குக் கலப்படக்காரர் என்று பெயர். வசவு இல்லை, அதுவும் வேலைதான். ஆசைப்பட்டு இல்லாததை இருப்பதாகப் பார்த்துவிடக்கூடாதே! அதற்காக, வருகிற ஒளிப்பதிவுகளில் ஏதாவது ஒன்றில் பொய்த் தடயத்தை ரகசியமாகக் கலந்து வைப்பார். எதில் என்று பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக்கூடாது. முடிவு சொல்லும் நாளில் எது நிஜம், எது கலப்படம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது. கலப்படம் என்று தப்பாக ஒதுக்கிய நட்சத்திரம் அடுத்த மேசைக்குப் போய்விடும்.

போன தடவை அவள் நன்றாக ஏமாந்தாள். அவர் கலந்து வைத்த நீராவியை நிஜமென்று நம்பிக் கூட்டத்தில் முழங்கினாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் கூரை பறக்காததுதான் குறை. இத்தனை வருஷத்தில் தன் பேரில் ஒரு கண்டுபிடிப்புகூட இல்லை என்ற வயிற்றெரிச்சல் வேறு.

இந்தத் தடவை வந்த நட்சத்திரத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பொறி தட்டியது. டைட்டானியம் ஆக்சைடு பளிச்சென்று இருந்தது; குளிர்ந்த நட்சத்திரம் என்றால் அது வழக்கம்தான். கூடவே, தொட்டும் தொடாமலும் மீத்தேன்! அதெப்படி? நட்சத்திரம் இன்னும் குளிர்ந்தால் டைட்டானியம் ஆக்சைடு தூசியாகி அடியில் இறங்கிவிடும். அதற்கப்புறமும் ரொம்பக் குளிர்ந்து, நட்சத்திரமாக முடியாமல் நின்றுபோன பழுப்புக் குள்ளன்களில்தான் மீத்தேன் தலைகாட்டும். இரண்டும் ஒரே காற்றில் இருக்க வழியே இல்லை. யார் காதில் பூ சுற்றுகிறார் இந்த மனுஷன்?

வீட்டில் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மெல்லத் தூண்டில் போட்டாள்.

"என்னங்க, இந்தத் தடவை மீத்தேன்ல கைய வச்சிட்டீங்களா?"

"ஆபீஸ் பேச்சு வீட்டுல வேணாமே."

"சும்மா சொல்லுங்க. நான் என்ன ஊரக் கூட்டியா சொல்லப்போறேன்?"

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் கண்ணாடியில் முகம் தெரிந்ததே! சிரிக்கிறார். காது வரைக்கும் சிரிப்பு.

அவளுக்கு உச்சியில் சுர்ரென்றது. அதற்கப்புறம் அவர் எதைச் செய்தாலும் சந்தேகம்தான். பாட்டு முணுமுணுத்தால் சந்தேகம். கேட்காமலே அவள் பையைத் தூக்கி வந்தால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தாள். "அவசரப்படாதம்மா, எதையும் ரெண்டு தடவை பாரு" என்று அவர் சொன்னபோது, நடிப்பைப் பார் என்று பல்லைக் கடித்தாள்.

முடிவு நாளில் ஆய்வுக்கூடத் தலைவி கேட்டார்: "உங்க நட்சத்திரம் என்னாச்சு?"

"கலப்படம்! மீத்தேனும் டைட்டானியம் ஆக்சைடும் ஒண்ணா இருக்குமா? யாருக்கு வேடிக்கை காட்டுறாரு?"

கலப்படக்காரரின் முகம் தொங்கிப்போனது. மாட்டினீரா என்று அவளுக்கு ஒரே குஷி. தலைவி அவரைப் பார்த்து, எதில் கலந்தீர்கள் என்றார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறொரு நட்சத்திரத்தைச் சொன்னார்.

அவள் நட்சத்திரம் பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரரிடம் போயிற்று. வெவ்வேறு நாட்களில் எடுத்த பதிவுகளை அவர் ஒப்பிட்டார். பிரித்த ஒளியில் டைட்டானியம் ஆக்சைடைக் காட்டும் கோடுகள் ஒரு பக்கம் நகர்ந்தால் மீத்தேனின் கோடுகள் எதிர்ப்பக்கம் நகர்ந்தன. ஒன்று இல்லை, இரண்டு! ஒரு குளிர்ந்த நட்சத்திரமும் ஒரு பழுப்புக் குள்ளனும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, இங்கிருந்து பார்க்கையில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்திருக்கின்றன. கண்டுபிடிப்பு கண்ணாடிக்காரர் பேரில் வந்தது. அவளும் கைதட்டினாள். உள்ளே பற்றி எரிந்தது.

அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு அவர் வழக்கம்போல் பாத்திரம் கழுவினார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் மீத்தேன்னு கேட்டப்ப எதுக்குங்க சிரிச்சீங்க?"

அவர் குழாயை மூடினார்.

"நான் மீத்தேன் கலக்கவே இல்லையேம்மா. நீ கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, இந்தத் தடவை நிஜமாவே ஏதோ உன் கையில சிக்கியிருக்குன்னு. சந்தோஷம் தாங்கல. எங்க வாய் தவறிச் சொல்லிடுவேனோன்னு திரும்பிக்கிட்டேன்."

அவள் அவர் கழுவி வைத்திருந்த தட்டையே எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.