தட்டைத் தலை

தெருவே சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் சிசி. தண்ணீர் மோட்டார் முதல் மாவரைக்கும் மிஷின் வரை எதைப் பார்த்தாலும் "எத்தனை சிசி?" என்று கேட்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முன்னறையில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி மட்டும் அவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம், தானாகவே ஒப்பிப்பார். நானூற்றுத் தொண்ணூற்றாறு சிசி. பன்னிரண்டு குதிரைத்திறன். கம்ப்ரஷன் ஐந்துக்கு ஒன்று. வால்வெல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் அல்ல. கடைசியில் குரல் இறங்கிவிடும். எஞ்சினோட சிலிண்டர் ஹெட்டைத்தான் காணோம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் எஞ்சினைக் கழற்றிப் போட்டபோது தொலைந்தது அது. அன்றிலிருந்து வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற ஒரே அறை அதுதான். அவர் மனைவியோ தையல்காரி. சமையலறை மூலையில் பகலிலேயே விளக்கைப் போட்டு ஊசியில் நூல் கோத்துக் கோத்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது.

"ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே வண்டி வெளிய போயிடும். இது சத்தியம்" என்பார் சிசி.

அவளும் தேடாமல் இல்லை. ஹெட் என்றால் தலை, தலை என்றால் உருண்டை. அதனால் கட்டிலடி, பரண், மாடிப்படிக்குக் கீழே என்று உருண்டையாக ஒன்றைத் தேடி அலைந்தாள். எப்படி இருக்கும் என்று கேட்டால் அவர் மில்லிமீட்டரில் பதில் சொல்வார். கடைசியில் பொறுமை போய்க் கெடு வைத்தாள். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பது, அப்புறம் பழைய இரும்புக்கு.

சனிக்கிழமை காலையே பழைய இரும்புக்காரர் வந்துவிட்டார். சிசி ஒரு துணியை எடுத்து வண்டியின் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரும்புக்குப் போகிற வண்டியை யாராவது துடைப்பார்களா? உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தையல்காரி அதைப் பார்த்துக்கொண்டே ஒரே மடிப்பை இரண்டு தடவை தேய்த்தாள். ஆனாலும் அறை வேண்டுமே.

"ஹெட்டு எப்படிங்க இருக்கும்? நம்ம கடைல கெடந்தாலும் கெடக்கும்" என்றார் இரும்புக்காரர்.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக சிசிக்கு எண் எதுவும் வாயில் வரவில்லை. "தட்டையா இருக்குங்க. வால்வு பக்கத்துல இருக்கறதால மேல ஒண்ணுமே கெடையாது, சும்மா மூடி மாதிரி. முதுகுல சீப்புப் பல்லாட்டம் வரிவரியா இருக்கும். சூட்டை வாங்கி வெளிய விட்டுடும்."

தையல்காரி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். வைத்த இடத்தைப் பார்த்தாள். பூப்போட்ட துணியில் அவளே உறை தைத்துப் போட்ட இரும்புத் தட்டு. முதுகில் வரிவரியாக. ஏழு வருடமாக இஸ்திரிப் பெட்டியின் சூட்டை வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் மத்தியானத்துக்குள் அறை அவளுடையது. முன்னறையில் துணி இன்னும் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவள் உறையை உருவினாள்.

"இதா பாருங்க."

சிசி அதை இரண்டு கையாலும் வாங்கி, புரட்டி, பிளக் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "ஏழு வருஷம்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே! கட்டிலடியப் பெருக்கினப்போ, 'இது வேணுமா'ன்னு. புத்தகத்துலேர்ந்து தலையத் தூக்காமயே 'வேணாம்'னீங்க."

சிசி போல்ட்டுகளைத் தேடப் போனார்.

வாரா வாரம் சிலிண்டரில் எண்ணெய் விட்டுவைத்தது வீண்போகவில்லை. ஹெட்டை மாட்டி, பெட்ரோல் ஊற்றி உதைத்ததில், ஒன்பதாவது உதையில் வண்டி இருமியது. பத்தாவதில் அறையே புகையானது. இரும்புக்காரர் கைதட்டினார். சிசி அழுதார், பழியைப் புகை மேல் போட்டார்.

"இனிமே இரும்புக்குக் குடுக்க முடியாது! இங்கயேதான் நிக்கும்!"

"ஓடற வண்டிக்கு வீட்டுக்குள்ள என்ன வேலை? சத்தியம் பண்ணது யாரு?"

சிசி வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். பிறகு வண்டியை வாசல் வழியாக இறக்கித் தெருவுக்கு ஓட்டிப்போனார். அவர் ஒரு சுற்று சுற்றித் திரும்புவதற்குள் தையல் மிஷின் ஜன்னலோரம் வந்துவிட்டது.

"எப்படி ஓடுது பாத்தியா!" என்று உள்ளே வந்தவரின் கையில் அவள் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தாள்.

"இதை எங்க வைக்கறது?"

"வைக்க எடம் ஏது? அதைத்தான் மாட்டிட்டீங்களே. புதுசு கெடைக்கற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். நூல் முதல் தடவையிலேயே நுழைந்தது.