சிவப்புத் தேதி கேட்டவர்கள்

எங்கள் மண்டபத்துக்கு இணையதளம் போட்ட கதையை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். அதனால் மண்டபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் ஊரைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் வெள்ளியங்கிரி திருமண மண்டபம். அறுநூறு நாற்காலி. ஒரு பந்திக்கு இருநூற்று ஐம்பது இலை. கட்டிய வெள்ளியங்கிரி ஐயா காலமான பிறகு மகன் ஜெகதீஸ்வரனுக்கும் மகள் அறிவுச்செல்விக்கும் ஆளுக்குப் பாதி. மகன் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். மகள்தான் மண்டபத்தை நடத்துகிறார். நான் மேனேஜர் தண்டாயுதபாணி. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பொறுமை யாருக்கும் இல்லாததால் தண்டபாணி.

போன வருடம் அதே சாலையில் ஏசி மண்டபம் ஒன்று திறந்தார்கள். அதன் பிறகு வந்த கார்த்திகை மாதத்தில் எங்களிடம் நடந்தவை இரண்டு கல்யாணமும் ஒரு விதைக் கம்பெனியின் கூட்டமும் மட்டுமே. வைகாசியில் ஜெகதீஸ்வரன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அறிவு, கோவிச்சுக்காதே. ஒரு தீவனக் கம்பெனி குடோனுக்கு எடம் தேடுறான். நம்ம மண்டபத்தைக் குடுத்தறலாம்."

"மணவறையில தவிட்டு மூட்டை அடுக்கறதுக்காண்ணா?"

"கோழி தெனமும் திங்குது. மனுசன் ஆயுசுக்கு ஒருக்காத்தான் கல்யாணம் பண்றான். எதை நம்பித் தொழில் பண்றதுன்னு நீயே சொல்லு."

"கோழி வந்து மொய் வெக்குமா?"

இருவரும் ஒரு மணி நேரம் இப்படியே பேசினார்கள். கடைசியில் ஒரு கெடு வைத்துக்கொண்டார்கள். ஆவணியிலிருந்து தை வரைக்கும் பன்னிரண்டு கல்யாணமாவது பதிவாக வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள், ஆகவே கணக்குப் பார்க்கும் நாள் ஆனி கடைசி. பன்னிரண்டு வராவிட்டால் குடோன் ஒப்பந்தத்தில் அறிவுச்செல்வி கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு எங்கள் பதிவேட்டில் இருந்தது ஆறு. ஆறும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்கள்.

அறிவுச்செல்வி அழவில்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சித்தார்த்தை வரவழைத்தார்.

சித்தார்த் இணையதளம் போடுகிற பையன். வயது இருபத்தைந்து இருக்கும். வந்ததும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சார்ட் தாளை ஒட்டினான்.

"மேடம், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இந்த சைட்டு யாருக்கு?"

"எல்லாருக்குந்தான்."

"எல்லாருக்கும்னு பொதுவா வெக்கிற கொழம்புல உப்பு ஒருத்தருக்கும் சரியா இருக்காது மேடம். ஒரே ஒரு ஆளை மனசுல வெச்சுக்கணும். அந்த ஆளுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் போடணும்."

சொன்னது நியாயமாகப் பட்டது. ஆனாலும் ஆளுக்கொரு ஆசை இருக்கும் அல்லவா? அறிவுச்செல்விக்கு முகப்பில் அப்பாவின் மாலை போட்ட படம் வர வேண்டும். எனக்கு மண்டப விதிமுறைகள் இருபத்திரண்டும் வர வேண்டும். 'மேடையில் ஆணி அடிக்கக் கூடாது' என்பது முதல் விதி. இரண்டையும் சித்தார்த் மறுத்துவிட்டான்.

"சார், கல்யாணம் பண்ணலாம்னு வர்றவனை வாசல்லயே நிறுத்தி ஆணி அடிக்காதேன்னு சொல்லுவீங்களா?"

"அடிக்கிறாங்களே தம்பி."

"அவன் இன்னும் வரவே இல்லீங்க சார்."

விதிமுறைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு சார்ட்டில் ஒரு ஆளை வரைந்தான். தாடி, கண்ணாடி. கீழே எழுதினான்: பெயர் நிதின், வயது இருபத்தெட்டு, பெங்களூரில் வேலை, நேரம் இல்லாதவன், படம் பார்த்தே முடிவெடுப்பவன். இந்த நிதினுக்காகத்தான் சைட்டு என்றான்.

அறிவுச்செல்வி சார்ட்டை உற்றுப் பார்த்தார். "நிதினுக்கு அம்மா இல்லையா?"

"இருப்பாங்க மேடம். அவங்க எங்க சைட்டு பாக்கப் போறாங்க?"

அன்றிலிருந்து நிதின் எங்கள் மண்டபத்தில் ஓர் ஆளாகிவிட்டான். மத்தியானம் இலை போட்டால், "நிதின் தம்பிக்கும் ஒண்ணு போடுங்க, பெங்களூர்ல இருந்து பசியோட வந்திருக்கும்" என்பார் அறிவுச்செல்வி. சித்தார்த் சிரித்துக்கொண்டே சாப்பிடுவான்.

பத்து நாளில் சைட்டு வந்தது. திறந்ததும் மண்டபத்தை வானத்திலிருந்து சுற்றிக் காட்டும் வீடியோ. அதன் கீழே மாத நாள்காட்டி. பஞ்சாங்கம் பார்த்து நான் எடுத்துக் கொடுத்த முகூர்த்த நாள்கள் மட்டும் அதில் வண்ணத்தில் இருந்தன. பதிவான நாள் சிவப்பு, பதிவாகாத நாள் பச்சை. எது எதைக் குறிக்கிறது என்பதை அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தான். நிதினுக்கு அது போதுமாம்.

சைட்டு வந்த நாலாம் நாளிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பேசி முடித்தால் ஒன்றும் மிஞ்சாது. அழைப்புகளை நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். அதில் முப்பத்து மூன்று பேர் கேட்டது ஏற்கெனவே பதிவான அந்த ஆறு தேதிகளை மட்டும். மீதி எட்டுப் பேர் வாடகையை மட்டும் விசாரித்தவர்கள். பச்சையில் இருந்த தேதிகளைச் சீண்டுவார் இல்லை.

"ஆவணி ஏழாந் தேதி குடுங்க."

"அது முடிஞ்சுதுங்க. பத்தாம் தேதி இருக்குதுங்க. நல்ல முகூர்த்தங்க."

"அதெல்லாம் வேண்டாங்க. உங்களுது ரொம்ப ஓடுற மண்டபமாட்ட இருக்குது. வெச்சர்றேன்."

ஜெகதீஸ்வரன் காதுக்கும் விஷயம் போயிற்று. போனில் தங்கையைக் கூப்பிட்டார். "ஏம்புள்ள, மண்டபம் ஃபுல்லுன்னு ஊரெல்லாம் பேசுது. உள்ள வந்து பாத்தா ஈ ஓட்டறீங்க. காசு குடுத்து வர்றவனை வெரட்டற வெப்சைட்டை உன்னட்டத்தான் பாக்கறேன்."

அறிவுச்செல்வி போனை வைத்துவிட்டு நேரே சார்ட் முன்னால் போய் நின்றார். "நிதினைக் கேட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல. இந்த நாப்பத்தொரு பேர்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க தண்டபாணிண்ணா. நம்ம கண்ணு முன்னாடி பாக்கட்டும்."

நோட்டைப் புரட்டினேன். வெண்ணந்தூர் ஆத்தாயி அம்மாள் மூன்று முறை அழைத்திருந்தார், மூன்று முறையும் சிவப்புத் தேதிக்கு. மகனுக்குக் கல்யாணம். வீட்டில் நான்கு விசைத்தறி. கூப்பிட்டதும் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

சித்தார்த் தன் போனில் சைட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். "அம்மா, நாங்க ஒண்ணும் பேச மாட்டோம். நீங்க பாட்டுக்குப் பாருங்க. மனசுல தோணறதை வாய்விட்டுச் சொல்லுங்க."

"பரீச்சையா சாமி?"

"உங்களுக்கில்லைங்க, எனக்கு."

வீடியோ ஓடியது. ஆத்தாயி அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆகாசத்துல இருந்து காட்டறீங்களே, நாங்க பஸ்ஸுல வர்ற சனமுங்க. பஸ்ஸு எங்க நிக்கும்னு காட்டலியே."

சித்தார்த் எழுதிக்கொண்டான்.

"பந்திக்கு எத்தனை எலை? சமையக்கட்டுல தண்ணி வருமா? மாமியாளுக்கு முட்டி வலி, எத்தனை படி ஏறோணும்? ஒண்ணையுமே காணமே சாமி. பொண்ணு மாப்ளை கையைக் கோத்துட்டு நிக்கற போட்டோவா இருக்குது. அவங்க நிப்பாங்க, தெரியாதா?"

அதையும் எழுதிக்கொண்டான். மாத நாள்காட்டி வந்தது. ஆத்தாயி அம்மாள் விரலைச் சிவப்பில் வைத்தார்.

"இதுதான் நான் கேட்ட நாளு."

"ஏங்க அதையே கேக்கறீங்க?" என்றான் சித்தார்த். பேச மாட்டேன் என்று சொன்னவன்.

"காலண்டர்ல செவப்பு போட்டா என்னங்க அர்த்தம்? லீவு நாளு. நெருங்குன சனம் வர்ற நாளு. நீங்களே பொறுக்கிப் பொறுக்கிச் செவப்புல போட்டிருக்கறீங்க, பொறுக்கியெடுத்த நாளாத்தான இருக்கும்? அத்தனையும் ஞாயித்துக்கெழமை வேற."

"அப்ப பச்சைங்க?"

"அது சுமாரான நாளுன்னு நெனச்சேன். விக்காத நாளைத் தள்ளி விடறதுக்குப் போட்டதாட்ட."

சித்தார்த் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியைப் பார்த்தேன். அதில் ஞாயிற்றுக்கிழமைத் தாள் சிவப்பாகத்தான் இருக்கும். நாற்பது வருடமாக நானும் அதைத்தான் கிழிக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

"செவப்புன்னா புக் ஆயிருச்சுன்னு அர்த்தம்மா. பச்சைன்னா காலி" என்றான் சித்தார்த். "அப்ப பச்சையை எடுத்துட்டுக் 'காலி'ன்னு தமிழ்லயே பெருசா எழுதிறலாம்."

ஆத்தாயி அம்மாள் போனைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாண மண்டபத்துல காலின்னு எழுதுவீங்களா சாமி? குடும்பம் காலி, குண்டா காலின்னு சொல்ற வாயில மவனுக்கு நாள் குறிப்பாங்களா?"

"பின்ன எப்படிங்க சொல்றது?"

"பொண்ணு கேட்டுப் போறப்ப எப்படிச் சொல்லுவாங்க? வேற எடத்துல முடிவான பொண்ணுன்னா, பூ வெச்சாச்சுங்கன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல எவனும் ஒரு வார்த்தை பேச மாட்டான். முடிவாகாத பொண்ணுன்னா, வந்து கேளுங்கம்பாங்க. அவ்வளவுதான, இதுக்கு எதுக்குக் கலரு?"

அறிவுச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சித்தார்த் சிரிக்கவில்லை. எழுந்து போய் நிதின் படத்தின் கண்ணாடியையும் தாடியையும் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கொண்டை போட்டான். கீழே எழுதினான்: மகனுக்குப் பெண் பார்த்த அம்மா, மகன் போனில் பார்ப்பவர், பஸ்ஸில் வருபவர், முகத்துக்கு நேரே கேட்பவர்.

"கொண்டையில பூ எங்க சாமி?" என்றார் ஆத்தாயி அம்மாள். அதையும் வரைந்தான்.

போகும்போது ஆவணி பத்தாம் தேதியை அவர் பதிவு செய்துவிட்டுத்தான் போனார். நல்ல புதன்கிழமை. "தறிக்காரச் சனத்துக்கு என்னங்க ஞாயிறு, புதன்? தறியை நிறுத்துனா அன்னிக்கு லீவு."

மூன்று நாளில் சைட்டு மாறியது. வீடியோ போயிற்று. வண்ணமும் போயிற்று. திறந்ததும் பெரிய எழுத்தில் பஸ் நிற்கும் இடம், பந்திக்கு எத்தனை இலை, எத்தனை படி, வண்டி நிறுத்த எவ்வளவு இடம், அறிவுச்செல்வி பெயரோடு போன் நம்பர். அதன் கீழே தமிழ் மாத வரிசைப்படி முகூர்த்த நாள்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக 'பூ வெச்சாச்சு' அல்லது 'வந்து கேளுங்க'. என் விதிமுறைகளுக்கும் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது, பதிவு செய்தவர் மட்டும் பார்க்கிற மாதிரி. இருபத்திரண்டு ஒன்பதாகச் சுருங்கியிருந்தது. ஆணி தப்பித்தது.

அதன் பிறகு வந்த அழைப்புகளில் பேச்சு வேறாக இருந்தது. "பூ வெக்காத நாளு எதெதுங்க?" என்று கேட்டவர்களே அதிகம். சிலர் அந்த வார்த்தையைக் காட்டிச் சிரிப்பதற்காகவே சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். சிரித்தவர்களில் நான்கு பேர் பதிவு செய்தார்கள்.

ஆனி கடைசி நாள் சாயங்காலம் ஜெகதீஸ்வரன் வந்தார். பதிவேட்டைத் திருப்பி, விரல் வைத்து எண்ணினார்.

"பதினொண்ணு."

"பதினொண்ணுதாண்ணா" என்றார் அறிவுச்செல்வி.

"பன்னெண்டுன்னு பேச்சு."

"பேச்சு பேச்சுதான். பேப்பரைக் குடு, கையெழுத்துப் போடறேன்." பேனாவையும் திறந்துவிட்டார்.

பேப்பர் தீவனக் கம்பெனிக்காரரிடம் இருந்தது. ஜெகதீஸ்வரன் அவரைப் போனில் பிடித்தார். எங்களுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, விடிஞ்சா ஆடிங்க" என்றார் அவர். "ஆடியில புது எடத்துக்கு மூட்டை எறக்குனா எங்கம்மா என்னைய ஊட்டுக்குள்ள உடாதுங்க. ஆவணி ஒண்ணாந் தேதி வெச்சுக்கலாம்."

கெடு வைத்த மகராசன் இதை யோசிக்கவே இல்லை. போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஆவணியில நாலு கல்யாணம் பதிஞ்சிருக்குதுண்ணா" என்றார் அறிவுச்செல்வி.

"அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு வேண்டாம்னு சொல்லீர்றது."

"நானா சொல்லுவேன்? நீயே சொல்லு. தண்டபாணிண்ணா, பத்தாம் தேதி நம்பரைப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் எடுத்தது ஆத்தாயி அம்மாள்.

"அம்மா, நான் வெள்ளியங்கிரி மண்டபத்து ஓனரு ஜெகதீஸ்வரனுங்க. உங்க ஆவணி பத்தாந் தேதி விசயமா..."

"யாருங்க நீங்க? ஓனரு அறிவுச்செல்விங்க. வெப்சைட்டுல முழுசும் பாத்தேன், உங்க பேரு எங்கியுமே இல்லியே. ஏசி மண்டபத்துக்காரனா நீயி? நாளைக் கலைச்சு உடலாம்னு பாக்கறயா? பூ வெச்ச நாளைக் கேக்கறவன் உருப்படுவானா? பத்திரிக்கை அடிச்சாச்சு, போனை வெய்யி!"

வைத்தது அவர்தான். அடுத்த நம்பரைப் போட்டுத் தரட்டுமா என்று ஜெகதீஸ்வரனைக் கேட்டேன். மிச்சம் பத்து இருந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"தை முடியறவரைக்கும் ஓட்டு. அந்தக் கம்பெனிக்காரனுக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லீர்றேன்."

அறிவுச்செல்வி பேனாவை மூடினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூன்று டீக்கு ஆள் அனுப்பச் சொன்னார்.

டீ வந்ததும் ஜெகதீஸ்வரன் தன் போனில் சைட்டைத் திறந்து மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை தேடினார்.

"ஏம்புள்ள, பாதி பங்குக்காரன் நானு. எம்பேரை ஒரு மூலையிலயாச்சும் போடக் கூடாதா?"

"போடலாண்ணா" என்றார் தங்கை. "அதைத் தேடி யாரு வர்றாங்கன்னு சித்தார்த் கேப்பான். ஒரு ஆளைச் சொல்லு."

ஜெகதீஸ்வரன் டீயைக் குடித்து முடிக்கும் வரைக்கும் யோசித்தார். ஒருத்தரும் அகப்படவில்லை.