கடலைக் குவியலுக்குப் பேனர் கூரை

நவம்பர் 28, வியாழன். இன்றைய தப்பு: பேனர்களைத் தைத்துவிட்டேன். தைக்கும்போதே மனதில் ஒரு சந்தேகம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இதை எழுதிவிட்டு மேகலா பேனாவை மூடினாள். ஆம்பூரில் அவள் போகும் மாலை வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்த முறை இது. நாட்குறிப்பை அன்றைய தப்பில் ஆரம்பித்து, மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். கூடப் படிக்கிற பெண்கள் எழுதத் தப்பு கிடைக்காமல் திண்டாடினார்கள். மேகலாவுக்கோ எந்தத் தப்பை எழுதாமல் விடுவது என்பதுதான் கஷ்டம். இன்று அந்தக் கஷ்டமும் இல்லை. தப்பு வாசலிலேயே சொட்டிக்கொண்டு நின்றது.

வாசலில் இருந்தது அவள் அம்மா தேவகியின் வேர்க்கடலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மிதித்தவள் தேவகி. மேகலாவும் அதே கம்பெனி, அதே தையல் செக்‌ஷன். இந்த ஆடியில் தேவகி திடீரென்று வேலையை விட்டுவிட்டு, மாதனூருக்கு வெளியே அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கடலை போட்டாள். தெருவே சிரித்தது.

"ஒரு போகம் பாக்கறேன். கடலை கெட்டுப் போச்சுன்னா மறுபடியும் கம்பெனி பஸ் ஏறிடறேன், போதுமா?" என்று தேவகி எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள்.

கம்பெனி பஸ் டிரைவர் பச்சையப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். மேகலாவை ஏற்ற வரும்போதெல்லாம் ஹாரன் அடித்து, "யக்கா, உன் ஜன்னல் சீட்டு அப்படியே கீது!" என்று கத்திவிட்டுத்தான் கிளம்புவார்.

கடலை என்னவோ அருமையாக விளைந்தது. செடி பிடுங்கி, காய் ஆய்ந்து, வாசலில் கொட்டியாயிற்று. நல்ல வெயில் கொஞ்சம் பட்டிருந்தால் மூட்டை கட்டியிருக்கலாம். அதற்குள் புயல் கிளம்பிவிட்டது. சனிக்கிழமை கரையைக் கடக்கும், இந்தப் பக்கமும் கனமழை பெய்யும் என்று டிவியில் சொன்னார்கள். ஈரக் காயை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் முளைத்துவிடும். வீட்டுக்குள் கொட்டலாம் என்றால் இருப்பது ஒரே அறை. கடலை உள்ளே போனால் அம்மாவும் மகளும் வெளியே வர வேண்டியதுதான். வாசலிலேயே, காற்று படும்படி, நனையாமல் வைத்தாக வேண்டும்.

புயல் என்றதும் ஆம்பூர் கடைகளில் தார்ப்பாய் தீர்ந்துபோனது. தேவகி வீடு வீடாகப் போய்ப் பழைய பேனர்களைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒரு கல்யாணம், ஒரு காதணி விழா, ஒரு மஞ்சள் நீராட்டு, யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. மேகலா கம்பெனிக்கு லீவு போட, அம்மாவும் மகளும் வீட்டு மெஷினில் தோல் ஊசியை மாட்டி, மாறி மாறி மிதித்து எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தார்கள். தையல்காரிகள் ஆயிற்றே, ஒற்றைத் தையலோடு விட மனம் வருமா? இரட்டைத் தையல். கம்பெனி செக்கர் பார்த்திருந்தால் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

சாயங்காலம் ஒரு சின்னத் தூறல் போட்டது. குவியலுக்கு மேலே, தையல் போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக இரண்டு வரிசையில் தண்ணீர் இறங்கியது. தேவகி அலறிக்கொண்டு சாக்கை எடுத்து வந்து மூடினாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு குர்ஷித் வந்தாள். அவளும் அதே கம்பெனிதான். ஆனால் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பேஸ்டிங் செக்‌ஷன். தையலும் பேஸ்டிங்கும் டீ குடிக்கிற நேரத்தில்கூட ஒரே பெஞ்சில் உட்காராது.

"அரே, தேவகிக்கா! கடலைக்குப் பந்தல் போட்டியா, ஷவர் போட்டியா?"

"வயித்தெரிச்சல கெளப்பாத குர்ஷித்து."

"இல்லக்கா, பாரேன். தண்ணிகூட லைன் தப்பாம சொட்டுது. தையல்னா இது தையல்!"

மேகலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எனக்கு அப்பவே டவுட்டுக்கா. தோல்ல ஊசி போனா நூலைச் சுத்தி மூடிக்கும். இது பேனர், மூடாது. நான்தான் வாயத் தொறக்கல."

"நீ எப்பத்தான் தொறந்த?" என்றாள் தேவகி. கோபம் இல்லை. கையில் ஒரு கடலையை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அந்த ஜன்னல் சீட்டுதான் நமக்கு எழுதி வெச்சிருக்குது போல."

அம்மா அப்படிச் சொன்னதுதான் மேகலாவைச் சுட்டது. "குர்ஷித்க்கா, ஒட்டினா நிக்குமா?" என்று கேட்டாள்.

குர்ஷித் இடுப்பில் கை வைத்தாள். "யாரைப் பாத்துக் கேக்கற? வாங்கினு வா, ஷூ ஒட்டற சொல்யூஷன."

வெள்ளிக்கிழமை மழைக்குப் பயந்து கம்பெனியை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். மாலை வகுப்பும் இல்லை. மேகலாவும் குர்ஷித்தும் ஆம்பூர் பஜாரில் ஒரு டப்பா சொல்யூஷனும் உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வானம் கறுத்து, காற்றே இல்லாமல் கிடந்தது. பேனரை இறக்கித் தெருவில் விரித்தார்கள். தையலின் மேல் பட்டையாக ஒட்டுவதற்குப் பிறந்தநாள் வாழ்த்தில் மிச்சமாகத் தொங்கிய பகுதியை நறுக்கினார்கள்.

"மொதல்ல அடுப்ப அணைக்கா. இந்தப் பக்கம் எவனும் பீடி பத்த வெக்கக் கூடாது. மேகலா, நல்லா தேய். வழவழப்பு போவணும். ரெண்டு பக்கமும் தடவு. உடனே ஒட்டாத, காயணும். இன்னாத்துக்கு அவசரம்?"

தடவினார்கள். காத்திருந்தார்கள். காயவில்லை. காற்று முழுக்க ஈரம். கம்பெனியில் இதற்கென்று சூட்டுப்பெட்டி இருக்கிறது, உள்ளே போய் வெளியே வந்தால் பதமாகிவிடும். தெருவில் சூட்டுப்பெட்டிக்கு எங்கே போவது? முதல் முறையாக குர்ஷித்தின் முகமும் வாடியது. "பேஜார் பண்ணுதே."

அப்போதுதான் பிரேம்நாத் வேகமாக வந்தான். தெருமுனையில் சலூன் வைத்திருப்பவன். "தேவகிக்கா, என் கல்யாண பேனரையா கடலை மேல போட்டுக்கீறீங்க?"

"உன் பொண்டாட்டி சங்கீதாதான்பா குடுத்தா. வீட்ல எடத்த அடைக்குதாம்."

"பேனரா, நானா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். பிறகு குனிந்து தொட்டுப் பார்த்தான். விரல் பிசுபிசுத்தது. "காயலையா? அட, இதுக்கா இப்டி உக்காந்துனுகீறீங்க?" என்று ஓடினான். திரும்பி வந்தபோது கையில் சலூன் ஹேர் டிரையரும் நீளமான வயரும் இருந்தன.

"சொல்யூஷன் வாடை அடங்கட்டும், அப்பறம் போடு. தூரமா புடி" என்றாள் குர்ஷித்.

பிரேம்நாத் பேனரில் மாலையும் கழுத்துமாக நிற்கும் தன் முகத்துக்குத் தானே டிரையர் பிடித்தான். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"மொதல்ல சங்கீதாவுக்குக் காட்டுடா. இல்லன்னா இன்னிக்கு சோறு கெடையாது!"

"ண்ணா, தலை சீவி வுடு, அன்னிக்கே சரியா சீவல நீ!"

பட்டையை வைத்து அழுத்தியதும் தேவகி சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்து தையல் வழியே தட்டிக்கொண்டே போனாள். தட்டத் தட்ட அவள் முகம் தெளிந்தது. மூங்கிலை நடுவில் நிறுத்தி, செங்கல்லும் பலகையும் அடுக்கி அதன்மேல் கடலையை ஏற்றி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, பேனரை இழுத்துக் கட்டினார்கள். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார்கள்.

எல்லோரும் கிளம்பப் பார்த்தபோது மேகலா, "ஒரு நிமிஷம்" என்றாள். வாயைத் திறந்தது அவளுக்கே ஆச்சரியம். "தண்ணி ஊத்திப் பாத்துடலாம்."

"மழைதான் வந்து ஊத்தப் போவுதே!" என்றான் பிரேம்நாத்.

"அதுக்கு முன்னாடியே தெரியணும்ணா."

கடலைமேல் சாக்கைப் போட்டுவிட்டு மேகலா கூரைக்கு அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்தாள். மேலே குர்ஷித் குடம் குடமாக ஊற்றினாள். முதல் இணைப்பு, சொட்டவில்லை. அடுத்தது, சொட்டவில்லை. மூன்றாவதில் ஒரே ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. "இங்க!" என்று கத்தினாள். வெளியே வந்து பார்த்தால், காதணி விழாக் குழந்தையின் காது நுனி. அங்கே மட்டும் பட்டை எழும்பியிருந்தது.

"காது குத்தின எடத்துலயே ஓட்டையா!" என்று குர்ஷித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். துடைத்து, மறுபடியும் தடவி, டிரையர் பிடித்து, கட்டையால் தட்டினார்கள். இன்னொரு குடம் ஊற்றினார்கள். அப்புறம் ஒரு சொட்டுகூட இல்லை.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மத்தியானம் காற்றும் சேர்ந்துகொண்டது. பேனர் படபடத்தது, மஞ்சள் நீராட்டுப் பெண் உப்பி உப்பி அடங்கினாள், ஆனால் கயிறு விடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. சாயங்காலம் பச்சையப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு, பாதி நனைந்து வந்து சேர்ந்தார்.

"இன்னா யக்கா, திங்கக்கெழம சீட்டு?"

தேவகி பேனருக்கு அடியில் நுழைந்தாள். குனிந்து, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். ஒரு காயைக் காதருகே வைத்து ஆட்டினாள். உடைத்து வாயில் போட்டாள். இன்னொன்றை உடைத்து அவர் கையில் வைத்தாள்.

"ஜன்னல் சீட்டுல வேற யாரையாவது உக்கார வை பச்சையப்பா. எனக்கு கடலைக் கொல்லைல வேலை கீது."

பச்சையப்பன் மென்றுகொண்டே கடலைக்கு மேலே பார்த்தார். பேனரில் பிரேம்நாத்தும் சங்கீதாவும் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இவனுக்கு மட்டும் எப்பிடி யக்கா எங்க போனாலும் நல்ல சீட்டு?" என்றார்.

உள்ளே அடுப்பில் ஒரு பெரிய சட்டி கடலை உப்புப் போட்டு வெந்துகொண்டிருந்தது. குர்ஷித் வந்தாள், பிரேம்நாத் சங்கீதாவோடு வந்தான். அந்த ஒற்றை அறையில் முழங்கால் முட்ட உட்கார்ந்து சூடாக உரித்துத் தின்றார்கள். தையலும் பேஸ்டிங்கும் ஒரே பாயில். தோல் மலையாகக் குவிந்தது. வெளியே மழை பேனரில் தாளம் போட்டது.

மேகலா ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து எழுதினாள்.

நவம்பர் 30, சனி. இன்றைய தப்பு: பிரேம்நாத் அண்ணனின் டிரையரைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அவர் வந்தபோதுகூட நினைவு வரவில்லை.

நாளை: டிரையரைச் சலூனில் கொடுக்க வேண்டும். மழை விட்டால் பேனரை விலக்கி, கடலையைக் கிளறி, வெயிலில் பரப்ப வேண்டும்.